உலகக் கண் படாத வீடு

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவன். "சார், நம்ம செக்‌ஷனை மூடிட்டாங்க. இனிமே வீடு வேணும்னா அவங்கவங்க போன்லயே தேடிக்கணுமாம். நீங்க உங்க அனுபவத்தை எழுதிக் குடுத்தா கம்பெனி பத்திரிகைல போடலாம்னு இருக்கோம். ரெண்டு பக்கம் போதும் சார்" என்றான். ரெண்டு பக்கமா! நான் சொதப்பியதை மட்டும் எழுதினாலே ஒரு இதழ் ரொம்பிவிடும். ஆனாலும் கேட்டுவிட்டான். ஓய்வு பெற்றவனிடம் 'எழுதுங்க' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு பக்கக் கணக்கெல்லாம் பேசக்கூடாது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், காருக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை அது. நான் பொது நிர்வாகப் பிரிவு. பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கேன்டீனில் சாம்பார் நீர்த்துப்போனாலும், ஷிப்ட் பஸ் வராவிட்டாலும், கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தாலும் கூப்பிடுகிற ஆள். டைம் ஆபீஸில் சேர்ந்தேன், வருகைக் கார்டு அடுக்கினேன், யூனிஃபார்முக்கு அளவெடுத்தேன், அதற்குள் பாதி ஆயுசு போய்விட்டது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் வந்து உட்கார்ந்தது. தலை நரைத்து, முடி கொட்டி, சொட்டையான பிறகும் அது இறங்கவில்லை. கேன்டீனில் என் பெயர் வூட்டு மூர்த்தி.

என் மேலதிகாரி ஸ்டெல்லா மேடம். அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை, வாங்கிக்கொண்டு போய் ஒரு டீ குடிக்கலாம். மேடம் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான்.

"வீடு நல்லா இருக்கு மேடம்."

"அப்புறம்?"

"தண்ணி வருது மேடம்."

"அப்புறம்?"

"அது... ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருதாம் மேடம்."

இப்படி நாமே கக்கிவிடுவோம். யூனியன்காரர்கள் வாசலில் கோஷம் போட்டுத் தொண்டையைத் தீட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போவார்கள். இரண்டு 'அப்புறம்' ஆனதும் சாதுவாக வெளியே வருவார்கள்.

வீடு பார்ப்பதற்கு மேடம் ஒரு முறை வகுத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு எல்லா அறையிலும் நடக்க வேண்டும். கோடையிலேயே தரை ஈரம் தட்டினால் மழைக்காலத்தில் பாயை மொட்டை மாடியில்தான் விரிக்க வேண்டியிருக்கும். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு கூடத்தில் தரையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, சும்மா இருக்க வேண்டும். கடைசியாக ஒரு விதி: கண்ணால் பார்க்காத வீட்டை நல்ல வீடு என்றும் சொல்லக்கூடாது, வேண்டாத வீடு என்றும் சொல்லக்கூடாது. இதன் முதல் பாதியை நான் நன்றாகக் கடைப்பிடித்தேன். இரண்டாவது பாதி காதிலேயே ஏறவில்லை.

முறை என்றால் முறைதான். செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். போட்டது போட்டதுதான், திறக்கவில்லை. அந்த வீட்டு ஓனரம்மா ஓடிப்போய் ஆசாரியைக் கூட்டிவந்து கதவையே கழற்றவைத்தார். தெருவே வேடிக்கை பார்க்க, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தேன். "வீடு எப்படி?" என்று ஓனரம்மா வேறு கேட்டார்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எங்கள் பிரிவுக்கு இன்டர்நெட் வந்தது. அதுவரை புரோக்கர்கள், பேப்பர் விளம்பரம், 'டு-லெட்' பலகை என்று ஜி.எஸ்.டி. ரோடு வெயிலில் காய்ந்தவன் நான். இனி ஏசி அறையில் உட்கார்ந்து மவுஸை நகர்த்தினால் வீடு வரும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "புரோக்கருங்க காலம் முடிஞ்சுது மேடம்" என்று அறிவித்தேன். மேடம் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினார்.

அந்த விளம்பரங்களை எழுதினவர்கள் என் கையில் கிடைத்தால் இன்றைக்கும் நாலு வார்த்தை கேட்பேன். 'ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்' என்று இருக்கும். நடந்தால் நாக்குத் தள்ளும். போன் போட்டுக் கேட்டால், "நடந்தான்னு யார் சார் சொன்னா? பைக்ல சார். ரோடு காலியா இருக்கும்போது" என்பார்கள். 'ஓரளவு ஃபர்னிச்சர் உண்டு' என்று நம்பிப் போனால் ஒரு ட்யூப்லைட்டும் போன வருஷத்துக் காலண்டரும் இருக்கும். முடிச்சூரில் ஒரு வீட்டுக்கு 'ஏரி வியூ' என்று போட்டிருந்தான். பார்த்தேன். மழைக்காலத்தில் ஏரி நேராக வீட்டுக்குள்ளேயே வந்து தரிசனம் கொடுக்குமாம், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தண்ணீர்க் கோட்டைக் காட்டினார். இன்னொரு வீட்டுப் படத்தில் ஓட்டு மேல் வெள்ளை வெளேரென்று பனி. கூடுவாஞ்சேரியில் பனி! படம் போட்டவனுக்கும் கூச்சமில்லை, அதைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிப் போன எனக்கும் புத்தி இல்லை. கக்கூஸை மட்டும் வளைத்து வளைத்து நாலு கோணத்தில் எடுத்திருப்பார்கள், கூடம் எங்கே என்றால் படம் இருக்காது. ஒரே வீட்டை மூன்று புரோக்கர்கள் மூன்று வாடகையில் போட்டிருப்பார்கள். போன தீபாவளிக்கே ஆள் குடிவந்துவிட்ட வீடு இந்தத் தீபாவளிக்கும் 'உடனடியாகக் குடியேறலாம்' என்று பல்லிளிக்கும்.

'எனக்கு விருப்பம்' என்று ஒரு பொத்தான் வேறு. மரியாதைக்கு அமுக்கி வைத்தேன், என் நம்பரையும் கேட்டது, கொடுத்தேன். அதற்குப் பிறகு தாம்பரம் வட்டாரத்திலுள்ள அத்தனை புரோக்கர்களும் என் உறவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். என் தங்கை மகன் கல்யாணத்தில், கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில், "சார், டபுள் பெட்ரூம், கார்னர் வீடு, சாவி கையில" என்று ஒருத்தர் கூப்பிட்டார். காலம் முடிந்தது என்று நான் அறிவித்த புரோக்கர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் சேலையூர் வீடு. ஒருநாள் அருமையான விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. தனி வீடு, நல்ல காற்று, கொல்லைப் பக்கம் முருங்கை மரம். புதிதாக வந்த ஒரு இன்ஜினியருக்குக் கச்சிதம் என்று துள்ளிக் குதித்து மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தில் கொடியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. பச்சைக் கட்டம். ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டை. அது என் லுங்கி. அது நான் குடியிருந்த வீடு.

"அப்புறம்?" என்றார் மேடம்.

ஓனரிடம் ஓடினேன். "கோவிச்சுக்காதீங்க மூர்த்தி. எவ்ளோ வாடகை கேக்கலாம்னு சும்மா ஆழம் பாத்தேன்" என்றார். ஊருக்கெல்லாம் வீடு பிடிக்கிறவன் குடியிருந்த வீட்டை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும் தெரியாமல். இதை நான் கேன்டீனில் சொல்லவில்லை. மேடமும் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஒருத்தன், "இன்னா மூர்த்தி, லுங்கியோட சேத்து வாடகையா?" என்றான்.

இந்த லட்சணத்தில்தான் ஷாஜகான் வந்து சேர்ந்தார். பாண்டிச்சேரி யூனிட்டில் டூல் ரூம் இன்ஜினியர், சொந்த ஊர் திண்டிவனம். மாற்றல் அவரே கேட்டு வாங்கியது. அவருடைய ஒரே மகள் ஹசீனாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மேற்கு தாம்பரத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பேசவைக்கப் பயிற்சி தருகிற ஒரு பள்ளி இருந்தது. அங்கே அம்மாவும் தினமும் கூடவே வந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: பேச்சு வருகிற வயது தாண்டிக்கொண்டிருக்கிறது, ஜூனில் திறக்கும்போது பக்கத்தில் வீடு எடுத்துக்கொண்டு வாருங்கள், ரயிலில் அலைக்கழித்தால் குழந்தை தாங்காது, முடியாவிட்டால் இடத்தை அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம். வீடு கிடைக்கவில்லை என்றால் தாயும் மகளும் திண்டிவனத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். பேச்சும் அதோடு போனதுதான்.

அது மே மாதம். அதுவரை தங்கிக்கொள்ள கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் ஓர் அறை ஒதுக்கினேன், பிரஸ் ஷாப்பை ஒட்டினாற்போல. பகலெல்லாம் தொம் தொம் என்று இடி விழுகிற அறை, வேறு யாரும் அதில் தங்கச் சம்மதிப்பதில்லை. எவ்வளவு புத்திசாலித்தனமாக ஒதுக்கியிருக்கிறோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளிக்குப் பக்கத்தில் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். "பேர் என்ன சொன்னீங்க?" என்று கேட்பார்கள். ஷாஜகான் என்றதும் குரல் மாறிவிடும். "ஐயோ, இப்பதான் சார் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்." ஒரு வீட்டுக்கு மட்டும் சந்தேகப்பட்டு மறுநாள் வேறு போனிலிருந்து, என் பெயரையே சொல்லிக் கேட்டேன். வீடு காலியாகத்தான் இருந்ததாம், எப்போது பார்க்க வருகிறேன் என்று அன்பாக விசாரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைக்கக்கூடத் தெரியவில்லை. ஷாஜகான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "விடுங்க சார், பழக்கம்தான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

அந்த வாரம் பொழிச்சலூரில் ஒரு வீடு அகப்பட்டது. பெயர் சொன்ன பிறகும் வரச்சொன்னார்கள். பள்ளிக்குக் கொஞ்சம் தூரம், ஆனால் நேர் பஸ் உண்டு. விளம்பரத்தில் 'அமைதியான சூழல்' என்று இருந்தது, படமும் அந்த வீட்டுப் படமேதான். சந்தோஷத்தில் முறையெல்லாம் மறந்து, நான் முதலில் போய்ப் பார்க்காமல், குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை.

கூடத்தில் நின்றுகொண்டிருந்தோம். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அதன் வழியே அண்ணாந்து பார்த்தால் சக்கரம் தெரிந்தது. ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் கூட்டிவந்தேன். சத்தம் அடங்கியதும், நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைப் பெருமையாகச் சொன்னேன்: "மத்தவங்களுக்குத்தான் இது தொந்தரவு. பாப்பாவுக்குக் காது கேக்காதில்ல, நமக்குப் பிரச்சினையே இல்ல."

ஹசீனா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, மூஞ்சி கோணி, அழ ஆரம்பித்திருந்தாள். காதிலிருந்த மெஷினைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். அவள் அம்மா மெஹருன்னிசா அதைக் குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா, இந்த மெஷின் எல்லா சத்தத்தையும் பெருசாக்கும். என் பேச்சையும் பெருசாக்கும், பிளேனையும் பெருசாக்கும். எது பேச்சு, எது வெறும் சத்தம்னு இவளுக்கு இன்னும் தெரியாது. சத்தமே இல்லாத எடத்துல பக்கத்துல ஒக்காந்து பேசிப் பேசித்தான் புரியவைக்கணும்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கெஸ்ட் ஹவுஸ்லயும் இப்படித்தான்ணா. அந்த இடி சத்தத்துக்கு மெஷினை மாட்டவே விடமாட்டேங்கறா. வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை சொல்லித்தர முடியல" என்றார்.

சே! பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிரஸ் ஷாப் பக்கத்து அறையை இதே கணக்குப் போட்டுத்தானே ஒதுக்கினேன்! ஊரிலேயே அதிக சத்தமான இடங்களாகப் பார்த்துப் பார்த்து அந்தக் குழந்தையை உட்காரவைத்த புண்ணியவான் நான். அன்றைக்கே அறையை மாற்றினேன், கம்பெனிக்குள் எங்கே மாற்றினாலும் இடி கேட்டது. மேடத்திடம் போய் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணாடி தலைமேல் போனது. "அப்புறம்?" என்றார். பார்த்த வீடுகளின் பட்டியலை மேசைமேல் வைத்தேன். அதைப் புரட்டிவிட்டு மேடம் கேட்டார்: "பார்க்காம வேண்டாம்னு ஒதுக்கினது எத்தனை வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான் மேடம். ஆனா அது தமாஷு."

அந்தத் தமாஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வாரங்களாக அந்த விளம்பரம் கேன்டீனில் பிரபலம். படம் இருக்க வேண்டிய இடத்தில் வீடு இல்லை. கோரைப்பல்லும் முறுக்கு மீசையும் துருத்திய சிவப்பு நாக்குமாக ஒரு திருஷ்டி பொம்மையின் மூஞ்சி. கட்டுகிற வீட்டுக்கு முன்னால் கண் படாமல் இருக்க மாட்டுவார்களே, அதே பேய் மூஞ்சிதான், திரை முழுக்க. கீழே மூன்றே வரி: 'வூடு கீது. தண்ணி கீது. நல்லவங்க வரவும்.' இடம் ஊரப்பாக்கம். சாப்பாட்டு நேரத்தில் நான்தான் அதை நடித்துக் காட்டுவேன், நாக்கைத் துருத்தி. "நைட்டு பன்னண்டு மணிக்கு வந்து சாவி குடுக்கும் போல" என்று பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"பார்த்தாச்சா?" என்றார் மேடம்.

"ஊரப்பாக்கம் மேடம், பள்ளிக்கூடத்துக்கு ரொம்ப தூரம். அதுவுமில்லாம அது..."

"அப்புறம்?"

கிளம்பிவிட்டேன். போய்ப் பார்த்துவிட்டு 'பார்த்தாச்சு' என்று சொல்லித் தொலைக்கலாம் என்றுதான். அக்னி நட்சத்திர வெயில். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு போன் செய்தேன். எடுத்தது ஒரு அம்மா. குரல் என்றால் குரல், போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அம்மா, வீடு விஷயமா வந்திருக்கேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல நிக்கறேன். எந்தப் பக்கம் வரணும்?"

"ஊரப்பாக்கத்துல நீ இன்னாத்துக்கு நிக்கறே?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தானேம்மா போட்டிருக்கீங்க?"

"போட்டா? நெஜ எடத்த எவனாச்சும் கம்ப்யூட்டர்ல போடுவானா? திருடனுக்கு வயி சொன்ன மாரி ஆவாது? வூடு தாம்பரத்துல கீது. ரயிலேறி வா."

என் வாழ்நாளில் எத்தனையோ பொய் விளம்பரம் பார்த்திருக்கிறேன், இடத்தைத் தூரமாகக் காட்டிப் பொய் சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாதான். திரும்ப ரயிலேறினேன். மேற்கு தாம்பரத்தில் அவர் சொன்ன தெருவில் போனால், வழியில் அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட் வந்தது. நின்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். தெரு இன்னும் கொஞ்சம் போய் ஒரு பெரிய மதிலில் முட்டி முடிந்தது. கடைசி வீட்டு வாசலில் அதே பொம்மை தொங்கியது. படத்தில் உடைந்திருந்த அதே பல் இங்கேயும் உடைந்திருந்தது. விளம்பரப் படத்தில் இருந்தது நேரிலும் அப்படியே இருந்ததைப் பார்த்தது எனக்கு அபூர்வமான அனுபவம்.

அந்த அம்மாவின் பெயர் தனலட்சுமி, தெருவில் தனம்மா. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று, அந்தக் காசில் கட்டிய வீடு. மாடியில் அவர், கீழ்ப் பகுதி வாடகைக்கு. விளம்பரம் போட்டது பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிற அவர் தம்பி மகன்.

"ஏம்மா, வீட்டுப் படம் போட்டிருந்தா ஜனங்க வருவாங்கல்ல? எதுக்கு இந்த பொம்மை?"

"ஏன் கேக்க மாட்டே? அதுல போட்டா அமெரிக்காக்காரன் வரிக்கும் பாப்பானாமே. ஒரு தெரு கண்ணுக்கே பொம்ம மாட்றோம். ஒலகத்துக் கண்ணு பட்டா இந்த சொவுரு நிக்குமா? வாசல்ல எது தொங்குதோ அத்தயே அங்கயும் மாட்டுடான்னுட்டேன். வூட்ட பாக்கணும்னா நேர்ல வந்து பாரு, இன்னா இப்ப?"

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் அவர் கடைப்பிடித்தது ஸ்டெல்லா மேடத்தின் விதியைத்தான். செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலோடு நடந்தேன், தரை காய்ந்து கிடந்தது. தண்ணீர் குடித்தேன், இனித்தது. குளியலறைத் தாழ்ப்பாளை, தனம்மாவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் போட்டுத் திறந்தேன். பிறகு கூடத்தில் தரையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கோ தூரத்தில் மின்சார ரயில் போனது, அதுவும் இரண்டாம்பேருக்குத் தெரியாமல் போனது மாதிரி. விமானம் ஏதாவது வருகிறதா என்று அரைமணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

"மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும்மா?"

"கல்லறத் தோட்டம். அத்தக் கேட்டாலே எவனும் அட்வான்ஸ் குடுக்காம ஓடிர்றான். இன்னா, நீயும் ஓடறியா?"

ஓடவில்லை. இதற்குமேல் ஏமாறத் தெம்பில்லாமல், வரப்போகிறவர்களின் பெயரையும் குழந்தையின் நிலைமையையும் முதலிலேயே போட்டு உடைத்தேன்.

"பாய் வூட்டுக்காரங்களா? ஞாயித்துக்கெயம பிரியாணி ஆக்குனா எனக்கொரு தட்டு மேல வர்ணும். அத்த இப்பவே பேசிக்க" என்றார். குழந்தையைப் பற்றிச் சொன்னதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "காது கேக்காதா? யாராண்ட? நான் மீனு விக்கசொல்ல கத்தினா பிளாட்பாரத்துல ரயிலுக்கு நிக்கறவன் திரும்பிப் பாப்பான். நாளைக்கு இட்னு வா புள்ளய" என்றார்.

மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்புறம்?"

"பக்கத்துல கல்லறைத் தோட்டம் மேடம்."

"அப்புறம்?"

"அக்கம்பக்கத்துல இருக்கறவங்க ரொம்ப அமைதியானவங்க மேடம்."

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் போனோம். ஷாஜகான் வாசலிலேயே பொம்மையைப் பார்த்துக் கொஞ்சம் அரண்டு நின்றார். ஹசீனா அரளவில்லை. அதையே உற்றுப் பார்த்துவிட்டு, தன் நாக்கையும் அதே மாதிரி துருத்திக் காட்டினாள். மெஹருன்னிசா உள்ளே போய், கதவையெல்லாம் சாத்திப் பார்த்து, திறந்து பார்த்து, தரையில் உட்கார்ந்து மகளுக்கு மெஷினை மாட்டினார். கல்லறைத் தோட்டத்தைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அவங்க சத்தம் போட மாட்டாங்கல்லண்ணா, அது போதும்" என்றார். ஆனாலும் முகத்தில் தெளிவில்லை. எத்தனையோ இடத்தில் ஏமாந்து, மகளோடு அலைந்து நம்பிக்கையும் களைத்துப்போன முகம் அது.

நாங்கள் வாசற்படியில் பேசிக்கொண்டிருந்தோம். ஹசீனா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்து போனாள். அங்கே தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பாதி விலகியிருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த தனம்மாதான் பார்த்தார்.

"ஏய் பாப்பா!"

மதிலுக்கு அப்பால் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள், அப்படி ஒரு குரல். ஹசீனா நின்றாள். திரும்பினாள். சும்மா திரும்பவில்லை, கூப்பிட்டது யார் என்று தேடினாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் அண்ணாந்து படியில் நின்ற தனம்மாவைக் கண்டுபிடித்தாள்.

மெஹருன்னிசா கணவரின் கையைப் பிடித்தார். "ஏங்க, திரும்பினா. கூப்பிட்டதுக்குத் திரும்பினாங்க!" பிறகு தனம்மாவைப் பார்த்து, "அக்கா, இன்னொரு வாட்டி கூப்பிடுங்கக்கா" என்றார். தனம்மா ஒன்றும் புரியாமல், ஆனால் கொஞ்சமும் குறைக்காமல், இன்னொரு தடவை கூப்பிட்டார். ஹசீனா மறுபடி திரும்பினாள். இந்தத் தடவை சிரித்தாள். மெஹருன்னிசா படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். அழுவது ஆம்பிளைக்கு அழகில்லை என்று நான் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது ஒன்றும் உதவவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது தாயும் மகளும் முதல் நாளே போய் உட்கார்ந்தார்கள். கேன்டீனில் என் பெயர் பேயோட்டி மூர்த்தி என்று மாறியது. மெஹருன்னிசா காலையும் மாலையும் அந்த நிசப்தமான கூடத்தில் உட்கார்ந்து, அம்மா, பால், தண்ணீர் என்று தேய்த்துத் தேய்த்துச் சொல்லிக்கொடுத்தார். தனம்மா மாடியிலிருந்து அவர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார். மாதங்கள் போயின. ஒருநாள் மெஹருன்னிசா ஆபீஸுக்குப் போன் செய்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. வகுப்பில் டீச்சர் 'ஹசீனா' என்று கூப்பிட்டார்களாம். குழந்தை தலையைத் திருப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, தெளிவாகத் தன் முதல் வார்த்தையைச் சொன்னதாம்.

"இன்னா?"

அந்த விளம்பரத்தை எடுக்க யாராலும் முடியவில்லை. தம்பி மகன் பாஸ்வேர்டை மறந்துவிட்டான். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பேய் நாக்கைத் துருத்திக்கொண்டு 'வூடு கீது' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து ஊரப்பாக்கத்தில் இறங்கி வெயிலில் நின்று போன் செய்தவர்களையெல்லாம் தனம்மா வாய்க்கு வந்தபடி வைதார். வீடு தேடி ஏமாந்தவர்களின் சாபத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு குரல் செய்தி வந்தது. ஹசீனா. படித்து முடித்து நாவலூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. திண்டிவனத்துத் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவள் பேசுவது அப்பட்டமான தாம்பரம் மீன் மார்க்கெட் தமிழ்.

"மாமா, எப்டி கீறே? ஆபீஸாண்ட வூடு பாத்துகினு கீறேன். தனம்மாவையும் கூட இட்னு போணும், அதுக்கு இப்ப காது செரியா கேக்கல. போட்டோல்லாம் சோக்கா கீது மாமா. ஆனா ஒண்ணுத்துலகூட பேய் இல்ல. எத்த நம்பி போறது? நீ கூட வர்றியா?"

அதோடு செய்தி முடியவில்லை. அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மாடியைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"யம்மோவ்! மாத்தர போட்டுகினியா?"

மறுபடி, இன்னும் சத்தமாக:

"யம்மோவ்!"

போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, மேலேயிருந்து, மெல்லிசாக, ஆனால் அதே அதட்டலோடு அந்தப் பழைய குரல் கேட்டது.

"இன்னா?"